ஸ்டாக் ஏன் கொதித்தது?

1970 ஜூன் மாதம் பிரிட்டனின் ட்ரையம்ப் நிறுவனம் ஸ்டாக் என்னும் திறந்த கூரைக் காரை அறிமுகப்படுத்தியது. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவானி மிகெலோட்டி. சென்னையில் தயாராகி நம் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அவர் வரைந்ததுதான். எனவே அந்தக் கைவரிசை நமக்கு அந்நியமல்ல. ஸ்டாக்கில் நான்கு பேர் உட்காரலாம். முன்னால் 2,997 சிசி வி8 எஞ்சின், 145 குதிரைசக்தி. 1971இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி ஓட்டி வரும் மஞ்சள் காரும் இதுவே. இத்தனை இருந்தும் 1977இல் உற்பத்தி நின்றபோது வெளிவந்திருந்தவை மொத்தம் 25,877 கார்கள்தான். பழைய கார் பிரியர்களிடம் காரணம் கேட்டால் ஒரே பதில் வரும்: ஸ்டாக் கொதிக்கும். கொதித்தால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கட் போகும், எண்ணெயில் தண்ணீர் கலக்கும். அலுத்துப்போன பலர் எஞ்சினையே தூக்கிவிட்டு ரோவரின் மூன்றரை லிட்டர் வி8ஐப் பொருத்திக்கொண்டார்கள்.

இந்தக் கெட்ட பெயரில் பாதிதான் நியாயமானது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஸ்டாக் எஞ்சினின் அமைப்பில் குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான ஸ்டாக்குகளைக் கொதிக்க வைத்தது அந்தக் குறை மட்டுமல்ல. எஞ்சினுக்குள் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் கிடந்த நீரும், அது அங்கே நடத்திய வேதியியலும்தான் முதல் காரணம். இது சரியென்றால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் அதன் குளிர்விப்பு அமைப்பைச் சரிசெய்ய நினைப்பவர் பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, காசைவிடப் பொறுமையையே அதிகம் கேட்பவை.

முதலில் கணக்கு. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு நகர்கிறது என்றால், ஏறக்குறைய அதே அளவு புகைக்குழாய் வழியாகவும் அதே அளவு குளிர்நீர் வழியாகவும் வெளியேறுகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் ஒரு கார் 20 கிலோவாட் திறனைச் சக்கரத்துக்குத் தருகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 20 கிலோவாட் வெப்பத்தை நீர் சுமந்து ரேடியேட்டரில் இறக்க வேண்டும். வீட்டில் குளியலறை கீசர் பத்தைச் சேர்த்து ஓடவிட்டால் வரும் வெப்பம் அது. ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி சூடேற 4.18 கிலோஜூல் வேண்டும். எஞ்சினுக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஓடியாக வேண்டும். அமைப்பில் இருப்பதே பத்து லிட்டர் அளவுதான். அந்தப் பத்து லிட்டர், நிமிடத்துக்கு ஆறு முறை முழுச் சுற்று வருகிறது. ஓட்டம் பாதியானால் வித்தியாசம் இரட்டிப்பாகும். ஒரு மூலையில் ஓட்டம் நின்றால் அந்த மூலைக்குச் சராசரிக் கணக்கு எதுவும் உதவாது.

அந்த மூலை பெரும்பாலும் ஹெட்டில், வெளியேற்று வால்வுகளைச் சுற்றி இருக்கிறது. அங்கே நீர் எப்போதும் சிறிதளவு கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது; அது நல்லதும்கூட. உலோகச் சுவரில் உருவாகும் சிறு குமிழி, பக்கத்தில் ஓடும் சற்றுக் குளிர்ந்த நீரில் நொறுங்கும்போது கொண்டுபோகும் வெப்பம், கொதிக்காத நீர் கொண்டுபோவதைவிடப் பல மடங்கு. கேடு வருவது குமிழிகள் நொறுங்காமல் ஒன்றோடொன்று சேர்ந்து சுவர் முழுக்க ஆவிப் போர்வையாகப் படரும்போது. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தால் துளிகள் சட்டென்று வற்றாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவி புகுந்து வெப்பத்தைத் தடுப்பதால் அப்படி ஆகிறது. ஜெர்மன் மருத்துவர் யோகான் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் இதை விவரித்து எழுதினார். எஞ்சினுக்குள் இது நடந்தால் நீர் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் உலோகத்தைத் தொடாது. அலுமினியம் வளைவது அந்த நேரத்தில்தான்.

இதைத் தள்ளிப்போடுவதுதான் ரேடியேட்டர் மூடியின் உண்மையான வேலை. சும்மா நீர் சிந்தாமல் காப்பதற்கு ஒரு திருகு மூடி போதும். இங்கே இருப்பது சுருள்வில் வைத்த வால்வு. வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், அதற்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தம் கூடும்போது 120 டிகிரிக்குத்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் இன்னும் சில டிகிரி உயரும். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து நீர் அங்கேயே ஆவியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்த அழுத்தமே. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இத்தனையும் போயிற்று. கொதிக்கிறது என்று புலம்பும் காரில் முதலில் மாற்ற வேண்டிய பொருள் அதுதான். இருப்பதிலேயே மலிவானதும் அதுதான். ஆனால் சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. 118 டிகிரியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் பத்து லிட்டர் நீரைத் திடீரென்று விடுவித்தால் அதில் முப்பதில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். அது ஐந்நூறு லிட்டருக்கும் மேற்பட்ட நீராவி.

இனி ஸ்டாக்கிடம் வருவோம். சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட்டுகள் அலுமினியம். எடையையும் செலவையும் சமன்செய்ய அன்று பலரும் செய்த ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒன்றோடொன்று இணைத்து, உப்புக் கரைந்த நீரால் நனைத்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துக் கரையும். இரும்பு அந்தச் செலவில் தப்பிக்கும். ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பலிகொடுக்கச் சொன்னதும் இதே விதியை நம்பித்தான். ஸ்டாக்கில் பலியானது ஹெட். இதைத் தடுக்கக் குளிர்நீரில் அரிமானத் தடுப்பான் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். ஆனால் பிரிட்டனில் அன்றிருந்த வழக்கம் வேறு. தடுப்பான் கலந்து வரும் உறைதடுப்பி என்பது குளிர்காலத்துக்கான பொருள். வசந்தம் வந்தால் அதை வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். கார் உரிமையாளர்களுக்கு மட்டுமல்ல, விற்பனையகங்களின் மெக்கானிக்குகளில் பலருக்கும் இந்த எஞ்சினுக்கு அந்த வழக்கம் ஆகாது என்பது உறைக்கவில்லை.

கரைந்த அலுமினியம் அப்படியே மறைந்துவிடுவதில்லை. அது வெண்ணிறக் கூழாக மாறிப் போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிகிறது. இரும்பின் துரு பழுப்புச் சேறாகிக் கனம் தாளாமல் ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் தங்குகிறது. அது பிளாக்கின் அடியிலும் பின்கோடியிலும். தெற்கு இங்கிலாந்தின் கடின நீரிலிருந்து சுண்ணாம்பு வேறு. இவற்றோடு வார்ப்படச் சாலையிலேயே சரியாகக் கொட்டி எடுக்கப்படாமல் நீர்வழிகளில் தங்கிவிட்ட மணலும் உண்டு என்று ஸ்டாக் எஞ்சின்களைப் பிரித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 50 வாட். துருவுக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் ஒன்று, இரண்டு. ஒரு மில்லிமீட்டர் படிவு, சில சென்டிமீட்டர் தடிமனுள்ள கூடுதல் இரும்புச் சுவரை எழுப்பியதற்குச் சமம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வெப்பமானி முள் மட்டும் கோடையில் சற்று மேலே நிற்கும். அடுத்த கோடையில் இன்னும் சற்று.

அமைப்பின் குறை என்று சொன்னேனே, அது வாட்டர் பம்ப்பின் இடம். வழக்கமான எஞ்சின்களில் முன்புறத்தில், ஃபேன் பெல்ட்டில் சுழலும் பம்ப், ஸ்டாக்கில் எஞ்சினின் உச்சியில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஓடும் ஒரு துணைத்தண்டு பற்சக்கரத்தால் அதைச் சுழற்றுகிறது. இதே குடும்பத்தில் பிறந்து, ஸ்வீடனின் சாப் காருக்குப் போன நான்கு சிலிண்டர் எஞ்சினின் சொத்து அது. பம்ப் உயரத்தில் இருப்பதால் நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலே அது காற்றைக் கடைய ஆரம்பிக்கும். மையவிலக்குப் பம்ப்புக்குக் காற்றைத் தள்ளத் தெரியாது, ஓட்டம் நின்றுவிடும். இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. வெப்பமானி உணரி நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மை பேசும். அதைச் சுற்றி நீர் இல்லாமல் ஆவியும் காற்றும் மட்டும் இருந்தால் டாஷ்போர்டு முள் சாதுவாக நிற்க, ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

வீட்டில் வேலையைத் தொடங்குபவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, கார் எப்போது சூடாகிறது என்பது. நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குற்றம் காற்றின் பக்கம்: ஃபேனின் பிசுபிசுப்புக் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது ரேடியேட்டரின் ஓரங்களில் அடைப்புப் பட்டை இல்லாமல் காற்று சுற்றிக்கொண்டு போகிறது. வேகமாக ஓடும்போது ஏறினால் ஃபேனைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். குற்றம் நீரோட்டத்திலோ அடைபட்ட ரேடியேட்டரிலோ இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே, நீர் வெதுவெதுப்பாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் எரிந்த வாயு நீருக்குள் கசிகிறது. அதை உறுதிசெய்ய ஒரு மலிவான வேதிச் சோதனை உண்டு. புரோமோதைமால் ப்ளூ கலந்த நீல நிறக் கரைசலின் வழியாக ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை உறிஞ்ச வேண்டும். கரியமில வாயு இருந்தால் கரைசல் பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும், அலசிப் பயனில்லை. சில நூறு ரூபாய் அகச்சிவப்பு வெப்பமானி இன்னொரு துணை. ரேடியேட்டரின் முகத்தில் அதை வரிசை வரிசையாக ஓட்டினால் அடைபட்ட குழாய்கள் குளிர்ந்த பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். கறுப்புப் பெயின்ட் பூசிய பரப்பில் அது சொல்வதை நம்பலாம். பளபளக்கும் அலுமினியத்தில் நம்பக் கூடாது, குறைத்தே காட்டும்.

பிறகு சேறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரேடியேட்டரின் அடி ஹோஸைக் கழற்றி நீரை வடித்துவிட்டு அமைப்பு முழுவதும் வடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பிளாக்கில் ஒவ்வொரு பக்கமும் தனி வடிகால் திருகு இருக்கிறது. கீழே, கைக்கு எட்டாத இடத்தில், பெயின்டும் கிரீஸும் மூடிக்கிடக்கும். கவனிக்கப்படாத எஞ்சினில் அதைக் கழற்றினால் ஒரு சொட்டும் வராது. துளைக்குப் பின்னால் இருப்பது நீர் இல்லை. அழுத்தி வைத்த காபிப்பொடி போன்ற துருச்சேறு. விறைப்பான கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்திக் கிளற வேண்டும். முதலில் ஈரத் துகள் உதிரும், பிறகு பழுப்பு நீர் கசியும், திடீரென்று வழி திறந்து கொட்டும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, ஹோஸ் பைப்பால் நீரை வழக்கமான திசைக்கு எதிராகச் செலுத்தி, இரண்டு துளைகளிலும் தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒட்டிப்போன துருவுக்கு நீர்த்த சிட்ரிக் அமிலம் போதும். நெடுநேரம் ஊறவிடாமல் அலசி, கடைசியில் சோடா உப்புக் கரைசலால் நடுநிலையாக்கிவிட வேண்டும். காஸ்டிக் சோடா கூடவே கூடாது. அலுமினியம் அமிலத்தில் மட்டுமல்ல, காரத்திலும் கரையும் உலோகம். ஹைட்ரஜனை விட்டபடி ஹெட் கரையும்.

நிரப்புவதும் ஊற்றிவிட்டு மூடும் வேலை இல்லை. காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவிட்டு, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் பிசைந்து சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்டாக்கில் காற்றுக்குமிழி தங்க விரும்பும் இடம் பம்ப் இருக்கும் அதே உச்சி என்பதை மறக்கக் கூடாது. ஊற்றுவது காய்ச்சி வடித்த நீரும் சிலிகேட் தடுப்பான் கொண்ட கிளைக்காலும். ஈயம் கலந்த பற்றுவைப்பால் செய்த பழைய ரேடியேட்டர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது இந்தப் பழைய வகையே. தடுப்பான் தீர்ந்துபோகும் பொருள். கிளைக்காலும் வெப்பத்தில் மெல்ல ஆக்சிகரணமாகி அமிலமாகிறது. நிறம் அப்படியே இருக்கும், காவல் போயிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். வடித்த கூலன்ட் இனிப்பான விஷம். நாய்கள் நக்கிச் சாகும். வாளியில் பிடித்து மூடி வைக்க வேண்டும்.

இனி மறுப்புகள். முதலாவது வலுவானது: நீர் மாற்றாத அலட்சியம் அந்தக் காலத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொது. அப்படியிருக்க ஸ்டாக் மட்டும் ஏன் பேர் கெட்டது? அமைப்புதானே காரணம்? பதில் இது. அமைப்பு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் வரம்பைக் குறுக்கியது. பிழை வேறெங்கிருந்தோ வந்தது. இரும்பு எஞ்சின் கொண்ட எம்ஜிபி கார் இதே சேற்றைச் சுமந்தும் ஓடும். ஹெட்டும் இரும்பானதால் அங்கே மின்கலத்தின் வேகம் குறைவு, முன்னால் தாழ்வாக இருக்கும் பம்ப் ஓரிரு லிட்டர் இழப்பைத் தாங்கும். ஸ்டாக் தாங்காது. ஆனால் சேறும் கசிவும் இல்லாத ஸ்டாக்கும் கொதிக்க வேண்டும் என்று இந்த மறுப்பு நிறுவியாக வேண்டும், அது நடப்பதில்லை. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடுபவற்றில் பல, ரேடியேட்டரை மாற்றியவைதானே என்று கேட்கலாம். உண்மை, தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது சரியான தர்க்கமில்லை. எனவேதான் என் சாட்சி தப்பியவற்றிடமிருந்து வரவில்லை, செத்தவற்றிடமிருந்து வருகிறது. கொதித்துப் போன எஞ்சின்களைப் பிரித்தபோது கிடைத்தவை அரிக்கப்பட்ட ஹெட்டுகளும் அடைபட்ட பிளாக்குகளும், ஹெட்டோடு துருவால் ஒட்டிக்கொண்டு கழல மறுத்த சாய்ந்த ஸ்டட்களும்தான்.

பெரிய ரேடியேட்டர் போட்டால் என்ன? ரேடியேட்டரே தடையாக இருந்தால் உதவும். தடை பிளாக்கின் பின்கோடியில் இருந்தால், அங்கே போகாத நீரை எவ்வளவு குளிரவைத்தும் பயனில்லை. முள் சற்று இறங்கி ஆறுதல் தரும். ஏழாம், எட்டாம் சிலிண்டர்கள் முன்போலவே வேகும். மின்விசிறி குறைந்த வேகத்து நோய்க்கு மட்டும் மருந்து. தண்ணீரே இல்லாத புதுவகைக் கூலன்ட் 180 டிகிரிவரை கொதிக்காது என்பார்கள். சரிதான், ஆனால் அதன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரைவிடக் குறைவு, எனவே உலோகம் கூடுதல் சூட்டில்தான் ஓடும். நம்மூர் மெக்கானிக்குகளும் விரும்பும் வைத்தியம் ஒன்று உண்டு: தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. 82 டிகிரி வாக்கில் உருகி விரியும் மெழுகு உருளை அது. சிக்கிக்கொண்டால் மாற்ற வேண்டும், எறியக் கூடாது. பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குவழியை மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும். நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரம் போதாது என்ற விளக்கம் மட்டும் தவறு. ஓட்டம் கூடினால் வெப்ப மாற்றமும் கூடும்.

கூட்டிச் சேர்ப்பதில் ஒன்றை மட்டும் நான் ஏற்பேன். பம்ப்பைவிட உயரத்தில் ஒரு சிறு மேல்தொட்டியும், நீர்மட்டம் குறைந்தால் கூவும் எச்சரிக்கை மணியும். அவை குளிர்விக்கும் திறனைக் கூட்டுவதில்லை. ஸ்டாக்கின் பிறவிக் குறையை நேராகத் தொடுகின்றன.

இது பட்டறை வேலை, வீட்டில் ஆகாது என்பது கடைசி மறுப்பு. ஹெட்டைக் கழற்றுவது, வளைந்ததைச் சமன்படுத்துவது பற்றியென்றால் ஒப்புக்கொள்கிறேன்; அதற்குக் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஆனால் மூடியைச் சோதிப்பது, வெப்பத்தை அளப்பது, வடிகாலைக் குத்திக் கிளறுவது, மூன்று நாள் அலசுவது, காற்றை வெளியேற்றுவது ஆகியவை மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறைக்குக் கட்டுப்படியாகாதவை. அங்கே ஒரு மணி நேரம் அலசிவிட்டுப் புது ரேடியேட்டருக்குப் பில் போடுவார்கள். அவசரமில்லாத உரிமையாளரே இந்த வேலைக்குத் தகுந்த ஆள். ரோவர் எஞ்சின் மாற்றியவர்களைப் பற்றி ஒன்று: சந்தையில் இன்று பொதுவாகக் கூடுதல் விலை போவது, ட்ரையம்ப்பின் சொந்த எஞ்சினோடு இருக்கும் ஸ்டாக்தான்.